எங்கே தூக்குகிறது, எங்கே தொய்கிறது? – மங்கா, அனிமே பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்), அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: “இந்த சீரிஸ் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, பாதிக்கு மேல போக முடியலயே, ஏன்?” அதனால் அந்த வகைக் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கதையின் முடிச்சு அவிழும் இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே தாண்டிப் போய்விடுங்கள்.

*ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் அனிமே இரண்டு இருக்கிறது. 2003-இல் வந்ததைப் பார்ப்பதா, 2009-இல் வந்த பிரதர்ஹுட்டைப் பார்ப்பதா? எங்கள் ஹாஸ்டலில் இதற்காக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம்.*
– கல்லூரி மாணவர், கோவை

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பிரதர்ஹுட் பாருங்கள் தம்பி. ஆனால் 2003-ஐ மட்டம் தட்டும் கட்சியில் மட்டும் சேர்ந்துவிடாதீர்கள்.

ஹிரோமு அராகாவா இந்த மங்காவை ஒரு மாதப் பத்திரிகையில் 2001-இல் தொடங்கி 2010-இல் முடித்தார். மொத்தம் 27 தொகுதிகள். போன்ஸ் ஸ்டூடியோ 2003-இல் அனிமே எடுக்க வந்தபோது மங்காவில் கதை பாதிகூட வந்திருக்கவில்லை. அதனால் கொஞ்ச தூரம் மங்காவோடு போய், அப்புறம் சொந்தமாக ஒரு கதை எழுதி 51 எபிசோடில் முடித்தார்கள். மங்கா முடியப்போகும் நேரத்தில் அதே ஸ்டூடியோ மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, அராகாவாவின் கதையை 64 எபிசோடில் எடுத்தது. அதுதான் பிரதர்ஹுட்.

இறந்துபோன அம்மாவைத் திரும்பக் கொண்டுவரப் போய், அண்ணன் எட்வர்ட் ஒரு காலையும் ஒரு கையையும் இழக்கிறான், தம்பி அல்ஃபோன்ஸ் உடம்பையே இழந்து ஒரு இரும்புக் கவசத்துக்குள் உயிராக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறான். இந்தத் தொடக்கம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில். 2003-இல் அந்தச் சிறுமி நீனாவின் வீட்டில் நாமும் போய்த் தங்கிச் சாப்பிட்டு விளையாடிய பிறகுதான் அந்தக் கொடுமை நடக்கிறது. பிரதர்ஹுட் நான்காவது எபிசோடுக்குள் அறிமுகம் செய்து அதிலேயே முடித்துவிடுகிறது. ஹியூஸ் என்ற அதிகாரியின் விஷயமும் அப்படித்தான் (இங்கே கதை உடைகிறது). 2003-இல் அவர் சாவது 25-ஆவது எபிசோடில், பிரதர்ஹுட்டில் 10-ஆவது எபிசோடில். மகளின் போட்டோவை எல்லோரிடமும் காட்டிக்கொண்டே திரியும் அந்த மனிதரோடு 25 எபிசோட் பழகிவிட்டு அந்த அடக்கக் காட்சியைப் பார்ப்பது வேறு அனுபவம். ‘ஏற்கெனவே பார்த்த கதைதானே’ என்று பிரதர்ஹுட் முதல் பத்துப் பன்னிரண்டு எபிசோடை ஓட்டிவிடுகிறது, புதிதாக வருகிறவருக்கு அது பெரிய நஷ்டம்.

2003-இன் இன்னொரு பலம், ஹோமுன்குலஸ்கள் என்ற செயற்கை மனிதர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு அது சொல்லும் காரணம். யாரோ ஒருவர் செத்தவரை உயிர்ப்பிக்க முயன்று தோற்றதில் பிறந்தவர்கள் அவர்கள். நம் ஆசையின் மிச்சம் எழுந்து வந்து நம்மையே அடிக்கிறது. மங்காவில்கூட இவ்வளவு வலிக்கும் காரணம் கிடையாது. ஆனால் கடைசியில் கதவைத் திறந்து நம்முடைய உலகத்துக்கே கதையைக் கொண்டுவருகிறார்கள் பாருங்கள், அங்கே எனக்குப் பிடி விட்டுப்போனது. அதுவரை கட்டிய உலகத்தின் கனத்தை அந்தத் திருப்பம் தாங்கவில்லை.

பிரதர்ஹுட்டின் பலம் கட்டுமானம். அராகாவா ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், ஏழு வருடம் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு டோக்கியோவுக்கு வந்தவர். போட்டால்தான் கிடைக்கும் என்ற பண்ணைக் கணக்கு அந்தக் கதை முழுக்க ஓடுகிறது. மூன்றாவது எபிசோடில் வந்துபோன ஆள்கூடக் கடைசிப் போரில் தன் பங்குக்கு வந்து நிற்பார். குறையும் உண்டு. சோகக் காட்சி நெஞ்சைப் பிடிக்கும் நேரத்தில் எட்வர்டைக் குட்டி பொம்மையாக மாற்றி ஒரு கூத்து வைப்பார்கள், பல இடங்களில் அது காட்சியைக் கெடுக்கிறது. எதற்கும் ஒரு விலை உண்டு என்று 60 எபிசோட் சொல்லிவிட்டு, முடிவில் ஒன்றிரண்டு பேருக்கு அந்த விலையைச் சுலபமாகத் தள்ளுபடி செய்ததும் எனக்கு உறுத்தல்தான்.

நான் எல்லோருக்கும் சொல்வது இது: 2003-ஐ 25-ஆவது எபிசோட் வரை பாருங்கள், அங்கே நிறுத்திவிட்டு பிரதர்ஹுட்டை முதலிலிருந்து தொடங்குங்கள். 2003-இன் மீதியை ஒரு வருடம் கழித்துப் பாருங்கள், அப்போது அதை அதற்காகவே பார்க்க முடியும்.

*ஒரு சண்டை ஏன் பத்து எபிசோட் போகிறது? டிராகன் பால் இஸட்டில் “இன்னும் ஐந்து நிமிடத்தில் இந்தக் கிரகம் வெடித்துவிடும்” என்கிறார்கள், அந்த ஐந்து நிமிடம் வாரக்கணக்கில் முடியவே இல்லை.*
– வாசகர், சேலம்

இது கணக்கு. ஷோனென் ஜம்ப் மாதிரியான வாரப் பத்திரிகையில் ஒரு மங்காவுக்கு வாரத்துக்குச் சுமார் 19 பக்கம்தான். இருபத்திச் சொச்ச நிமிட எபிசோட் ஒன்று இயல்பான வேகத்தில் ஓடினால் அப்படி இரண்டு அத்தியாயங்களைத் தின்றுவிடும். மங்கா வாரம் ஒன்று, அனிமே வாரம் இரண்டு என்றால் சீக்கிரமே அனிமே மங்காவின் குதிகாலை மிதித்துவிடும். அப்புறம் அவர்களுக்கு மூன்றே வழி. இழுக்கலாம், மங்காவில் இல்லாத கதையை நடுவில் செருகலாம் (ஃபில்லர் என்கிறோமே, அதுதான்), இல்லையென்றால் நிறுத்திவிடலாம். டிராகன் பால் இஸட் இழுத்தது. கூடைப்பந்துக் கதையான ஸ்லாம் டங்க் 1996-இல் 101 எபிசோடோடு நிறுத்திக்கொண்டது, தேசியப் போட்டியைத் தொடவே இல்லை. அந்த உச்சப் போட்டியை 2022-இல் அந்த மங்காவை வரைந்த தகேஹிகோ இனோவே தானே இயக்கித் திரைப்படமாகக் கொடுக்கும் வரை ரசிகர்கள் 26 வருடம் காத்திருந்தார்கள்.

இந்தத் தொய்வு பெரும்பாலும் அனிமேயின் தொய்வு என்பதைக் கவனியுங்கள். டிராகன் பால் மங்காவை எடுத்துப் படித்தால் அதே சண்டை பறக்கும், அகிரா தொரியாமா போல ஒரு உதையின் திசையைப் பக்கத்தில் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. இப்போது 12, 13 எபிசோடுகள் கொண்ட சீசன்களாகப் பிரித்து எடுக்கிறார்கள், இழுவை போய்விட்டது. பதிலுக்கு ஒரு சீசன் முடிந்து அடுத்தது வர இரண்டு வருடம் ஆகிறது.

*நருட்டோவில் 140-ஆவது எபிசோடில் இருக்கிறேன், சலிப்பாக இருக்கிறது. விட்டுவிடவா?*
– வாசகி, திருநெல்வேலி

விடாதீர்கள், தாண்டுங்கள். முதல் தொடரின் 220 எபிசோடுகளில் நருட்டோவின் நண்பன் சாசுகே கிராமத்தை விட்டுப் போகும் கதை 135-உடன் முடிகிறது. அதற்கு அப்புறம் 219 வரை ஏறக்குறைய எல்லாமே ஃபில்லர். 220-ஐப் பார்த்துவிட்டு நேராக அடுத்த தொடரான ஷிப்பூடனுக்குப் போய்விடலாம்.

ஆனால் ஃபில்லரைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அது மங்காவிலேயே இருப்பது. சூனின் என்ற நிஞ்சா பதவி உயர்வுத் தேர்வில் நேஜி என்ற பையன் “விதி பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டது, தோற்பவன் தோற்பவன்தான்” என்ற நினைப்போடு நிற்கிறான். மூன்று முறை பரீட்சையில் தோற்ற நருட்டோ அவனை அடித்து வீழ்த்துகிறான். அந்தக் காட்சிக்காகத்தான் நாம் எல்லோரும் இந்தக் கதையை நேசித்தோம். பிறகு என்ன ஆகிறது? நருட்டோவின் அப்பா கிராமத்தின் நான்காவது தலைவர் என்று தெரிகிறது, இன்னும் போகப் போக அவனே ஒரு பழைய மாவீரனின் மறுபிறவி என்று ஆகிவிடுகிறது. அப்படியென்றால் நேஜி சொன்னது சரியாகிவிட்டதே! மசாஷி கிஷிமோட்டோ 1999-லிருந்து 2014 வரை 700 அத்தியாயம் வரைந்தார், பதினைந்து வருடம் வாராவாரம் முந்தைய ஆபத்தைவிடப் பெரிய ஆபத்தைக் காட்டியாக வேண்டிய கட்டாயத்தில் அந்த முதல் வாக்கைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அதே ஆள்தான் ராக் லீயையும் எழுதினார். மந்திர வித்தை எதுவும் வராத, கை கால் மட்டுமே உள்ள பையன், எடைகளைக் கழற்றிக் கீழே போடும் அந்த நிமிடம். 48-ஆவது எபிசோட். எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

*டெத் நோட்டில் எல் போன பிறகு பார்க்கத் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?*
– வாசகர், மதுரை

(பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.)

கொலைகாரன் லைட்டைத் துரத்தும் துப்பறிவாளன் எல் சாவது மங்காவில் 58-ஆவது அத்தியாயம், மொத்தம் இருப்பது 108. அனிமேயில் 25-ஆவது எபிசோட், மொத்தம் 37. அதாவது மங்காவின் கிட்டத்தட்ட பாதியை அனிமே 12 எபிசோடில் அமுக்கியிருக்கிறது. அதனால்தான் எல்லின் இடத்துக்கு வரும் நியர், மெல்லோ இரண்டு பேரும் யாரென்று தெரிவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. எல் என்ற ஒருவனின் மூளையையும் துணிச்சலையும் பிரித்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தது மங்காவிலும் பலவீனம்தான். எல்லும் லைட்டும் ஒரே அறையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் கழுத்தில் ஒருவர் கத்தி வைத்திருந்த அந்த நெருக்கம் திரும்ப வரவே இல்லை.

இருந்தாலும் முடிவு வரை போக வேண்டும், ஏனென்றால் லைட் என்னவாக முடிகிறான் என்பதுதான் கதை. அனிமே அவனை மாலை வெயிலில் ஓடவிட்டு, பழைய பள்ளிக்கூடப் பையனாக இருந்த தன்னையே பார்க்கவைத்து, மாடிப்படியில் அமைதியாகச் சாக விடுகிறது. அழகாக இருக்கிறது. மங்காவில் அவன் “எனக்குச் சாக வேண்டாம்” என்று கதறுகிறான். அவ்வளவு பேரைக் கொன்றவனுக்கு ஒரு சோக இசை போட்டுக் கொடுக்காத அந்த மங்கா முடிவுதான் நேர்மையானது என்பேன்.

லைட்டின் காதலி மிசாவை அவர்கள் எழுதிய விதம் முதலிலிருந்து கடைசிவரை மோசம். அதைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வி இருக்கிறது.

*என் மகனுக்கு 14 வயது. அட்டாக் ஆன் டைட்டன் பார்க்கிறான். ரத்தமாக இருக்கிறது, தடுக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை.*
– ஒரு தாய், திருச்சி

அம்மா, முதல் எபிசோடை நீங்கள் தனியாக ஒரு தடவை பாருங்கள். ஒரு பையனின் கண் முன்னால் அவன் தாயை ராட்சதன் தின்கிறான். அதைப் பார்த்துவிட்டு உங்கள் பையனை மனதில் வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள், அவனை உங்களைவிட எனக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் காட்டமாட்டேன். பதினான்கு என்றால் கூட உட்கார்ந்து பார்ப்பேன்.

கூட உட்காரச் சொல்வது ரத்தத்துக்காக மட்டும் இல்லை. ஹஜிமே இசயாமாவின் இந்தக் கதை முதல் மூன்று சீசன் ராட்சதர்களை வெறுக்கச் சொல்லித் தருகிறது. அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம் நம்மைக் கூட்டிப்போய், அங்கே இருப்பவர்கள் நம்மை எப்படி வெறுக்கிறார்கள், ஏன் வெறுக்கிறார்கள் என்று காட்டுகிறது. இவ்வளவு பிரபலமான ஒரு தொடர் தன் நாயகன் எரெனைத் தானே விசாரணைக் கூண்டில் ஏற்றியது பெரிய துணிச்சல். ஆனால் முடிவில் தடுமாறுகிறது. மங்கா 2021 ஏப்ரலில் முடிந்தபோது கடைசி அத்தியாயத்தில் நாயகனுக்கும் நண்பன் ஆர்மினுக்கும் நடக்கும் பேச்சு, நடந்த படுகொலைக்கு நன்றி சொல்வதுபோல ஒலித்ததால் பலருக்குக் கோபம். 2023 நவம்பரில் அனிமே முடிந்தபோது அந்த வசனத்தை மாற்றி, பழியில் ஆர்மினும் பங்கு எடுத்துக்கொள்வதாக எழுதினார்கள். மாற்றியது சரி. அப்படியும் எரெனின் காரணங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. “அவன் செய்தது சரியா?” என்று உங்கள் மகன் கேட்கத்தான் போகிறான், அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

நடுநடுவே ஹைக்யூ போடுங்கள். பள்ளிக்கூட வாலிபால் கதை. தோற்ற அணி கூட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிடும் காட்சி ஒன்று வரும், அந்த வயதுக்கு அது அவசியம் பார்க்க வேண்டியது.

*தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட் முதல் சீசன் போல நான் எதையும் பார்த்ததில்லை. இரண்டாவது சீசன் பார்த்துக் கோபம் வந்துவிட்டது.*
– வாசகி, ஈரோடு

எனக்கும்தான். 2019-இல் அந்த அநாதை இல்லத்துக்குள்ளேயே 12 எபிசோடும் நடந்தது, ஒரு வீடு, ஒரு சுவர், ஒரு ‘அம்மா’, மூன்று பிள்ளைகளின் மூளை, அவ்வளவுதான், மூச்சு முட்டியது. 2021-இல் வந்த இரண்டாவது சீசன் 11 எபிசோடில் மங்காவின் மீதி எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தது. கோல்டி பாண்ட் என்ற மிக நல்ல பகுதியையே வெட்டிவிட்டு, கடைசிச் சம்பவங்களைத் திருமண ஆல்பம் புரட்டுவதுபோலப் படம் படமாகக் காட்டி மூடிவிட்டார்கள். மங்காவை 5-ஆவது தொகுதியிலிருந்து படியுங்கள். அதிலும் பின்பாதி முன்பாதி அளவுக்குக் கிடையாது, தப்பித்த பிறகு அந்த இறுக்கம் தளர்கிறது. ஆனாலும் முழுக்கதையாவது கிடைக்கும்.

*ஹன்டர் எக்ஸ் ஹன்டர் முடியாத கதையாமே, தொடங்கலாமா?*
– வாசகர், புதுச்சேரி

தாராளமாக. யோஷிஹிரோ தொகாஷி 1998-இல் தொடங்கியது, முதுகுவலியால் உட்கார முடியாமல் வருடக்கணக்கில் நின்று நின்று வருகிறது. ஆனால் 2011-இல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ தொடங்கிய அனிமேக்கு 148 எபிசோடில் ஒரு நிறைவான நிறுத்தம் இருக்கிறது. அப்பாவைத் தேடிக் கிளம்பிய பையனின் கதை, அந்தத் தேடல் அங்கே ஒரு முடிவுக்கு வருகிறது. மனிதரைத் தின்னும் எறும்பு இனத்தோடு மோதும் பகுதியில் கதைசொல்லியின் குரல் வந்து எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருக்கும், சில நொடிகள் ஒரு முழு எபிசோட் ஓடும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். எறும்பு அரசனும் கொமுகி என்ற பார்வையில்லாத பெண்ணும் பலகை விளையாடும் காட்சிகளுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*பெண் பாத்திரங்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? சண்டை வந்தால் ஓரமாக நின்று பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள்.*
– வாசகி, சென்னை

ஷோனென் (பையன்களுக்கான கதைகள்) என்ற வகையின் பழைய நோய் இது, மழுப்ப விரும்பவில்லை. நருட்டோவில் வரும் சகுராவுக்குக் கிஷிமோட்டோ எழுதிக் கொடுத்தது மிகக் குறைவு. மிசா புத்திசாலி என்று தொடக்கத்தில் காட்டிவிட்டு அப்புறம் வெறும் கருவியாக ஆக்கினார்கள். ‘பையன்களுக்கான பத்திரிகை’ என்பது காரணம் ஆகாது. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டும் அந்த வகைப் பத்திரிகையில்தான் வந்தது. அதில் கசாப்புக் கடைக்காரரின் மனைவியான இசுமி, கோட்டையைக் காக்கும் ஒலிவியர், துப்பாக்கி பிடிக்கும் ரிசா, செயற்கைக் கை கால் செய்யும் வின்ரி என்று ஆளுக்கு ஒரு தொழிலும் ஒரு பிடிவாதமும் உண்டு. ஹிரோமு என்பது ஆண் பெயர்போல ஒலிக்கும் புனைபெயர், எழுதியவர் ஒரு பெண்.

பெண்களுக்கான பத்திரிகைகளில் வந்தவற்றையும் படித்துப் பாருங்கள். நட்சுகி தகாயாவின் ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் 2019 முதல் 2021 வரை 63 எபிசோடில் முழுமையாக வந்தது, தொடக்கம் மெதுவாக இருக்கும், போகப் போக ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையை இவ்வளவு நிதானமாகப் பேசிய அனிமே எனக்கு வேறு தெரியாது. ஐ யசாவாவின் நானா அதைவிட நல்லது, ஆனால் 2009-லிருந்து அப்படியே நிற்கிறது. தெரிந்தே தொடங்குங்கள்.

*தமிழ் டப்பிங் பார்ப்பதா, ஜப்பானிய மொழியில் சப்டைட்டிலோடு பார்ப்பதா?*
– வாசகர், தஞ்சாவூர்

ஷின்சானும் டோரேமோனும் தமிழ் பேசித்தான் நம் வீட்டுக்குள் வந்தார்கள். 2025-இல் டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில் என்ற அனிமே படம் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. நல்ல விஷயம், இன்னும் நிறைய வரட்டும். எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், சில டப்பிங்குகளில் பாத்திரம் யாராக இருந்தாலும் நம் சினிமா பஞ்ச் டயலாக்கைத் திணிப்பது. மௌனமாக நிற்க வேண்டிய ஆள் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்.

நன்றாகச் செய்தால் ஆங்கிலத்தைவிடத் தமிழ் பல இடங்களில் ஜப்பானியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது, யாருக்கு எந்த மரியாதை என்பதெல்லாம் ஜப்பானியப் பேச்சில் முக்கியம், ஆங்கில சப்டைட்டிலில் அது காணாமல் போகும், நமக்கு அது தினமும் பேசுகிற பேச்சு. அந்த இரும்புக் கவசத்துக்குள்ளிருந்து அல்ஃபோன்ஸ் “நீ-சான்” என்று கூப்பிடும்போது கீழே ‘பிரதர்’ என்று ஓடும். எந்தத் தம்பி அப்படிக் கூப்பிடுவான்? தமிழில் ‘அண்ணா’ என்று போட்டால் போதும், அந்தக் குரலில் இருக்கிற பயமும் பாசமும் அப்படியே வந்துவிடும்.